மண்ணுக்கடியில் ஓடும் குழாய்கள்: இல்லினாயில் பிரெய்ரி ஈரநிலம் மீளும் விதம்

வசந்த காலத்தில் ஓர் அங்குலம் மழை பெய்து இரண்டு மூன்று நாள் கழித்து எடுத்த வான்படங்களில், அமெரிக்காவின் இல்லினாய் மாநில வயல்கள் விசித்திரமாக இருக்கும். கறுத்த மண்ணின் மேல் வெளிறிய கோடுகள் ஓடும். நடுவில் ஒரு தண்டு, இருபுறமும் சாய்ந்த கிளைகள் என்று மீன்முள் போன்ற வடிவம். கோடுகளுக்குக் கீழே மூன்று நான்கு அடி ஆழத்தில் வடிகால் குழாய்கள் கிடக்கின்றன. குழாய்க்கு நேர் மேலே உள்ள மண் முதலில் காய்ந்து வெளிறுவதால் கோடு தெரிகிறது. இன்னும் இரண்டு நாள் போனால் வயல் முழுவதும் ஒரே நிறமாகிவிடும், எதுவும் தெரியாது.

பிரெய்ரி என்ற வட அமெரிக்க இயற்கைப் புல்வெளியை மீட்பது என்றதும் விதையும் நாற்றும்தான் நினைவுக்கு வரும். ஆனால் பள்ளமான நிலங்களில் வேலை தொடங்குவது இந்தக் கோடுகளில். குழாய் எங்கே என்று தெரியாமல் ஈரநில விதைக்குப் பணம் கொடுப்பது வீண்செலவு. இரண்டாம் ஆண்டிலேயே அது தெரிந்துவிடும்.

இல்லினாய்க்கு 'பிரெய்ரி மாநிலம்' என்று பட்டப்பெயர் உண்டு. ஒரு காலத்தில் அங்கே சுமார் 2.2 கோடி ஏக்கர் பிரெய்ரி இருந்தது. 1970-களில் மாநிலம் முழுவதும் நடந்த இயற்கைப் பகுதிக் கணக்கெடுப்பில் கெடாமல் எஞ்சியிருந்தது ஏறத்தாழ 2,300 ஏக்கர். பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதுவும் கல்லறைத் தோட்டங்களின் மூலைகளிலும் ரயில் பாதை ஓரங்களிலும் துண்டு துண்டாக. 1837-ல் கிராண்ட் டீடோர் என்ற சிற்றூரில் ஜான் டீர் என்ற கொல்லர் செய்த எஃகுக் கலப்பையை இதற்குக் காரணமாகச் சொல்வது வழக்கம். வார்ப்பிரும்புக் கொழுவில் அப்பிக்கொண்ட கறுப்பு மண் எஃகில் வழுக்கி விழுந்தது என்பது உண்மைதான். ஆனால் கலப்பையால் மேட்டுநிலத்தை மட்டும்தான் திறக்க முடிந்தது. வசந்தத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற தாழ்நிலத்தைத் திறந்தது சுட்ட களிமண் குழாய்.

1830-களில் ஜான் ஜான்ஸ்டன் என்ற ஸ்காட்லாந்துக் குடியேறி தன் ஊர் முறைப்படி நியூயார்க் மாநிலப் பண்ணையில் களிமண் குழாய் பதித்தார். அந்த முறை மேற்கே பரவியது. ஓரடி நீளத் துண்டுகளை முனையோடு முனை சேர்த்து வைப்பார்கள், பூச்சு எதுவும் கிடையாது. இணைப்பு இடுக்கு வழியாகத்தான் தண்ணீர் உள்ளே இறங்கும். பின்னாளில் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய் வந்துவிட்டாலும் அங்குள்ள விவசாயிகள் இன்றும் அதை 'டைல்' என்றே சொல்கிறார்கள். தரையில் பதிக்கும் டைலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 1849, 1850, 1860 ஆகிய ஆண்டுகளின் சதுப்புநிலச் சட்டங்கள் ஈரநிலங்களை வடித்து விளைநிலமாக்கும் நோக்கில் அவற்றை மாநிலங்களுக்குக் கொடுத்தன. 1980-கள் வரையான கணக்கில் இல்லினாய் தன் ஈரநிலத்தில் சுமார் 85 விழுக்காட்டை இழந்திருந்தது. மாநிலத்தின் அதிகாரபூர்வ மண் 'டிரம்மர்' என்ற வகை. உலகின் சிறந்த மக்காச்சோள மண்களில் ஒன்று என்று கொண்டாடப்படுகிறது. இயல்பில் அது வடிகால் இல்லாத சதுப்பு மண்.

வெடிமருந்து ஆலையிலிருந்து

சிகாகோவுக்குத் தென்மேற்கே வில் கவுண்டியில் இருக்கிறது மிடேவின் தேசிய உயர்புல் பிரெய்ரி. இரண்டாம் உலகப் போருக்காக வயல்களை வாங்கி எழுப்பிய ஜோலியட் வெடிமருந்து ஆலையின் நிலம் இது. 1996-ல் நாடாளுமன்றச் சட்டம் வழியாகப் பிரெய்ரியாக அறிவிக்கப்பட்டு அமெரிக்க வனச்சேவையின் கைக்கு வந்தது. மிடேவின் என்பது போட்டவாட்டமி பழங்குடி மொழியில் குணப்படுத்தலோடு தொடர்புடைய சொல். ஆயிரக்கணக்கான ஏக்கர் ஒரே இடத்தில் கிடைத்தது அதிர்ஷ்டம். அதோடு வந்த சீதனம்: மண் மூடிய வெடிமருந்துக் கிடங்குகள் நூற்றுக்கணக்கில், ரயில் பாதை மேடுகள், சாலைகள், டிஎன்டி வெடிப்பொருள் படிந்த மண், ராணுவத்துக்கு முந்தைய விவசாயிகள் புதைத்த வடிகால் குழாய்கள். நச்சு மண்ணை அகற்றும் பொறுப்பு ராணுவத்துடையது. குழாய்களுக்கு அப்படிப் பொறுப்பாளர் யாரும் இல்லை. பெரும்பாலானவற்றுக்கு வரைபடமும் இல்லை.

குழாயைத் தேடுவதும் உடைப்பதும்

முதல் துப்பு மண்ணிலேயே இருக்கிறது. மண்துளைக் கருவியால் இரண்டடி ஆழம் எடுத்துப் பாருங்கள். மேலே கறுப்பு, கீழே சாம்பல் நிறம், சாம்பலுக்குள் துருப் புள்ளிகள் இருந்தால் அங்கே நீண்ட காலம் தண்ணீர் நின்றிருக்கிறது. ஆக்சிஜன் இல்லாத மண்ணில் இரும்பு கரைந்து நகர்ந்துவிடும், அதனால் மண் வெளுக்கும். வேர் ஓட்டை வழியே காற்று நுழைந்த இடத்தில் இரும்பு மறுபடி துருவாகப் படியும். நூறாண்டு வடிகாலுக்குப் பிறகும் இந்த நிறம் அழிவதில்லை. இப்போது நிலம் உலர்ந்திருக்கிறது, மண்ணின் நிறமோ ஈரத்தைச் சொல்கிறது என்றால், நடுவில் குழாய் இருக்கிறது என்று பொருள்.

வான்படக் கோடுகள், பழைய வடிகால் வரைபடங்கள், இரும்புக் கம்பியால் குத்திப் பார்ப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால் பாதிக் குழாய்கள் தெரியவரும். மீதிக்கு ஆய்வுப் பள்ளம் வெட்ட வேண்டும். தண்ணீர் ஓடும் திசைக்குக் குறுக்காக, எல்லை நெடுக, ஐந்தடி ஆழத்துக்குக் குறுகலான கால்வாய் ஒன்றைப் பொக்லைன் கொண்டு தோண்டுவார்கள். குழாய் வெட்டுப்பட்டால் தண்ணீர் பீறிடும், அல்லது சிவப்பு ஓட்டுத் துண்டு மேலே வரும். 1970-களின் பிளாஸ்டிக் குழாயைக் கண்டதும் நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அதற்கு ஓரடி கீழே தாத்தா காலத்துக் களிமண் குழாய் ஓடிக்கொண்டிருக்கலாம். பிளாஸ்டிக்கை அடைத்தபின் அது முழு வேலையையும் தன் தலையில் ஏற்றுக்கொள்ளும்.

உடைப்பது என்றால் ஓரிடத்தில் நசுக்கிவிட்டு மண் தள்ளுவது அல்ல. மண்ணின் ஊடுருவும் தன்மையைப் பொறுத்து 50 முதல் 150 அடி நீளம் வரை குழாயை முழுதாக எடுக்க வேண்டும். களிமண்ணுக்கு 50 போதும். மணல் கலந்ததற்கு 150. குழாய் பதித்தபோது வெட்டிய பள்ளத்து மண் சுற்றியுள்ள மண்ணைவிட எப்போதும் தளர்வாகவே இருக்கும். பத்தடி மட்டும் எடுத்தால் தண்ணீர் அந்தத் தளர்ந்த மண் வழியே ஊர்ந்து கீழ்முனைக் குழாயைப் போய்ப் பிடித்துவிடும். ஒரு பருவத்தில் ஊர்வது ஓட்டையாகும், ஓட்டை சுரங்கமாகும். எனவே மீதிக் குழாயின் வாயை அடைத்துவிட்டு, பள்ளத்தில் களிமண்ணை மெல்லிய அடுக்குகளாகப் போட்டு ஒவ்வொன்றையும் மிதித்து இறுக்கி நிரப்ப வேண்டும். புதுமண் அமுங்கும் என்பதால் தரைமட்டத்துக்கு மேல் கொஞ்சம் குவித்து விடுவது நல்லது. திறந்த வாய்க்கால்களுக்கும் இதே வைத்தியம்தான்.

அடுத்தது அண்டை வயல். மேலேயுள்ள நிலத்திலிருந்து இயற்கையாகக் கீழிறங்கும் தண்ணீரைக் கீழ்நிலத்தான் மறிக்கக் கூடாது என்பது இல்லினாய் வடிகால் சட்டத்தின் அடிப்படை. பக்கத்து விவசாயியின் குழாய் உங்கள் நிலம் வழியே போனால் அதை அடைக்க முடியாது. துளையில்லாத குழாயாக மாற்றி ஈரநிலத்தைச் சுற்றிக் கடத்தலாம், அல்லது எல்லைக்கு உள்ளேயே தண்ணீரை மேலே வெளியேற்றி ஈரநிலத்தில் பரவ விடலாம், அண்டை வயலில் தேங்காத உயரத்தில். இரண்டாவது வழி மலிவு. வயல் நீரில் வரும் நைட்ரேட்டை ஈரநில நுண்ணுயிர்கள் வாயு நைட்ரஜனாக மாற்றி அனுப்பிவிடும் என்பது உபரி லாபம். கூடவே ஒரு நட்டமும் உண்டு: உரம் கலந்த தண்ணீர் எந்தச் செடிக்குப் பிடிக்கும் என்பதைச் சற்றுக் கழித்துப் பார்ப்போம்.

மட்டம் சரியாகத் தெரியாத இடத்தில் நிரந்தர அடைப்பைவிட, பலகை செருகும் சிறு மதகுப் பெட்டி வைப்பது உத்தமம். ஆறு அங்குல வித்தியாசம் இங்கே பெரிய வித்தியாசம். கோடை முழுக்க ஓரடித் தண்ணீர் நின்றால் அது சம்பு என்ற நீர்த்தாவரத்தின் காடு. மண் நனைந்து, வசந்தத்தில் மட்டும் சில அங்குலம் நின்றால் கோரைப் புல்வெளி. ஜூலைக்குள் வற்றினால் ஈரப் பிரெய்ரி. மதகில் ஒரு பலகையை ஏற்றி இறக்கி இவற்றில் எது என்று தீர்மானிக்கலாம். மட்டம் பிடிபட்டதா என்று பார்க்க, இரண்டு அங்குல பிவிசி குழாயில் துளையிட்டு மண்ணில் இறக்கிக் கண்காணிப்புக் கிணறு அமைப்பார்கள். வளர்பருவத்தில் தொடர்ந்து 14 நாள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 12 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், அதுவும் பத்தாண்டில் ஐந்தாண்டாவது என்பது அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் அளவுகோல். குழாயை உடைப்பதற்கு ஓராண்டு முன்பே கிணறு போடாவிட்டால், ஈரம் குழாய் உடைந்ததால் வந்ததா நல்ல மழையால் வந்ததா என்று சொல்ல முடியாது.

விதைக் கணக்கு

தண்ணீர் திரும்பியதும் செடிகள் தாமாக வரும் என்று 1980-களில் பலர் நம்பினார்கள். அயோவா, மினசோட்டா பகுதிகளில் ஏராளமான பள்ளங்களை மறுபடி நிரப்பி அப்படியே விட்டார்கள். நீரில் மிதக்கும் செடிகளும் சம்பும் வந்தன, காற்றில் பறந்தோ வாத்துகளின் இறகிலும் காலிலும் ஒட்டியோ வரக்கூடியவை அவை. கோரைப் புல்வெளியும் ஈரப் பிரெய்ரியும் வரவில்லை. இருபதாண்டுக்கு மேல் உழுத மண்ணில் அவற்றின் விதை வங்கி, அதாவது மண்ணில் உறங்கிக் கிடக்கும் விதை இருப்பு, கிட்டத்தட்டக் காலி. ஆக விதைத்தே தீர வேண்டும்.

நிலத்தைத் தயார் செய்வதில் எளிதான வழி சோயா. மீட்க வேண்டிய வயலைக் கடைசி ஓரிரு ஆண்டு சோயா பயிரிடக் குத்தகைக்கு விடுவார்கள். அறுவடைக்குப் பிறகு தரை சுத்தமாக, இறுகி, தாள் குறைவாக இருக்கும். அதன் மேல் உழாமலே விதைக்கலாம். மக்காச்சோளத்துக்கு அடித்த அட்ரசின் போன்ற களைக்கொல்லி அடுத்த ஆண்டும் மண்ணில் தங்கி முளைகளைக் கொல்லக்கூடும் என்பதும் சோயாவைத் தேர்வதற்கு ஒரு காரணம். உழுதால் புதைந்து கிடக்கும் களை விதை மேலே வரும். பொசபொசவென்ற மண்ணில் தூசு போன்ற விதைகள் ஆழமாக விழுந்து முளைக்காமலே போகும்.

எவ்வளவு விதை? எடையில் நினைத்தால் கணக்கு உதைக்கும். எண்ணிக்கையில் நினைக்க வேண்டும். சதுர அடிக்கு 50 விதை என்று வைத்தால் ஏக்கருக்கு ஏறத்தாழ 22 லட்சம். கல்வர்ஸ் ரூட் என்ற செடியின் விதை ஓர் அவுன்ஸில், அதாவது 28 கிராமில், சுமார் 8 லட்சம். ஏக்கருக்கு ஓர் அவுன்ஸ் தூவினாலே சதுர அடிக்கு 18 விழும். சூரியகாந்திக் குடும்பத்துக் காம்பஸ் செடியின் விதை அவுன்ஸுக்குச் சுமார் 660. அதே ஓர் அவுன்ஸில் 66 சதுர அடிக்கு ஒன்றுதான் விழும். இரண்டையும் ஒரே பையில் 'கிலோ இவ்வளவு' என்று வாங்குவது மிளகையும் பூசணியையும் எண்ணாமல் வாங்குவது போல. பையில் இருப்பதெல்லாம் விதையும் அல்ல: தூய்மை 80 விழுக்காடு, முளைப்பு 70 விழுக்காடு என்றால் 10 கிலோ பையில் உயிருள்ள விதை 5.6 கிலோ.

மலிவாகக் கிடைக்கிறதே என்று பிக் புளூஸ்டெம் என்ற உயர்புல்லை அள்ளிப் போடுவதுதான் பழைய நடவுகளில் அதிகம் தெரியும் தவறு. ஏக்கருக்கு ஒரு பவுண்டு போட்டால் சதுர அடிக்குச் சுமார் 4 விதை, அது போதும். ஐந்து பவுண்டு போட்டால் பத்தாண்டில் ஆளுயரப் புல் மட்டும் நிற்கும். பூச்செடிகளைப் பிறகு அதற்குள் நுழைப்பது ஆரம்பத்திலேயே விதைப்பதைவிடப் பல மடங்கு கடினம். வுட் பெட்டனி என்ற அரை ஒட்டுண்ணிச் செடியை விதைத்து அந்தப் புல்லின் வேரை உறிஞ்சவிட்டு அடக்கும் வழி ஒன்று உண்டு. அந்தச் செடியின் விதை விலை தனிக்கதை.

விதைப்புக் காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. பெரும்பாலான பிரெய்ரி விதைகளுக்கு ஈரக் குளிர் ஒன்று முதல் மூன்று மாதம் வரை தேவை. பனியில் கிடந்தால் அது இலவசமாகக் கிடைத்துவிடும். உறைந்து இளகும் மண் விதையைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். பயறுக் குடும்பத்துச் செடிகளின் தடித்த தோலை உப்புத்தாளில் தேய்த்துக் கீற வேண்டும். உளுந்துக்கு ரைசோபியம் என்ற நுண்ணுயிரைக் கலப்பதுபோல இவற்றுக்கும் கலப்பார்கள், ஆனால் இனத்துக்கேற்ற ரைசோபியம் வேண்டும். கோரைகளின் விதை ஜூன், ஜூலையிலேயே முற்றி உதிர்ந்துவிடும், அக்டோபரில் பை எடுத்துக்கொண்டு போனால் வெறும் தண்டுதான். விதைத்தும் சரியாக வராத கோரை இனங்களை நாற்றாக நடுவது வழக்கம். இரண்டடிக்கு ஒன்று என்றால் ஏக்கருக்கு 10,890 நாற்று. நட்ட மறுநாள் கனடா வாத்துக் கூட்டம் இறங்கி, நாற்றை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டுப் போகும். முளையடித்துக் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டினால் அவை இறங்க இடமில்லாமல் போகும். நாற்றின் விலையோடு இந்தக் கயிற்றின் விலையையும் சேர்த்தே மதிப்பீடு போட வேண்டும்.

முதலாண்டுக் கோடையில் நிலத்தைப் பார்ப்பவர்கள் மனம் உடைந்துபோவது வழக்கம். எங்கு பார்த்தாலும் ஃபாக்ஸ்டெயில் புல், ராக்வீட் என்று களைகள்தான். விதைத்தது எங்கே என்றால், மண்டியிட்டுத் தேட வேண்டும்: இரண்டு இலை, ஒரு விரற்கடை உயரம். அந்த ஆண்டு அவை வேர்தான் விடும். களை ஓரடி உயர்ந்ததும் நான்கு முதல் ஆறு அங்குலத்துக்கு வெட்டிவிட வேண்டும், கோடையில் சில முறை. வெளிச்சம் கீழே போகும், களை விதை கட்டாது. பயந்துபோய்க் களைக்கொல்லி அடித்தால் விதைத்ததும் சேர்ந்து போய்விடும்.

வேண்டாத விருந்தாளிகள்

உரநீர் யாருக்குப் பிடிக்கும் என்ற கேள்வி நிலுவையில் இருக்கிறது. ரீட் கேனரி புல்லுக்கும் கலப்பினச் சம்புக்கும். கேனரி புல் மற்றவற்றுக்கு முன்னே வசந்தத்தில் துளிர்த்து, மற்றவை காய்ந்த பிறகும் பச்சையாக நிற்கும். இந்தப் பேராசைதான் அதன் பலவீனமும். அக்டோபரில் நாட்டுச் செடிகள் உறங்கிய பின் பச்சையாகத் தெரிவது அது மட்டும்தான். அப்போது அடிக்கும் கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லி தண்டு வழியே வேர்க்கிழங்குக்கு இறங்கும். தண்ணீருக்கு அருகே சாதாரணக் கிளைஃபோசேட் கூடாது. அதில் சேர்க்கும் ஒட்டுத்திரவம் தலைப்பிரட்டைகளைக் கொல்லும், நீர்நிலைக்கென்று அனுமதி பெற்ற வகை தனியாக உண்டு. ஒரு முறை அடித்துவிட்டு உடனே விதைப்பது வீண். மண்ணில் அதன் விதை காத்திருக்கும். இரண்டு மூன்று ஆண்டு தொடர்ந்து கொன்றபிறகே விதைப்புக்குப் போக வேண்டும்.

சம்புக்கு மருந்தே வேண்டாம், தண்ணீர் போதும். அதன் தண்டு ஒரு மூச்சுக்குழல். காய்ந்த தண்டு வழியாகக்கூட வேருக்குக் காற்று இறங்கும். பனிக்காலத்தில் ஐஸ் மேல் நின்று அடியோடு வெட்டிவிட்டு, வசந்தத்தில் வெட்டுமுனைக்கு மேல் தண்ணீர் நிற்கும்படி மதகுப் பலகையை ஏற்றினால் வேர்க்கிழங்கு மூச்சுமுட்டிச் சாகும். ஒரு தண்டு தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தாலும் அந்தக் கொத்து பிழைத்துக்கொள்ளும்.

மிடேவினில் மரங்களும் வேண்டாத விருந்தாளிகளே. முள்கம்பி வருவதற்கு முன் விவசாயிகள் ஓசேஜ் ஆரஞ்சு மரத்தை உயிர்வேலியாக நட்டார்கள். அவை ஓங்கி வளர்ந்து வரிசைகளாக நின்றன. தரையில் கூடு கட்டும் புல்வெளிப் பறவைகள் அந்த வரிசைகளுக்கு அருகே வருவதில்லை, அங்கே கழுகும் ரக்கூனும் காத்திருக்கும். மரம் வெட்டுவது சூழல் பணி என்று பொதுமக்களுக்கு விளக்குவது சங்கடமான வேலை, ஆனால் வெட்டத்தான் வேண்டியிருந்தது.

இரண்டாம் மூன்றாம் ஆண்டில் எரிக்கும் அளவுக்குச் சருகு சேரும். காற்று வீசிச் செல்லும் பக்கத்திலிருந்து எதிர்த்தீ வைத்து, கருகிய பட்டை அகலமான பிறகே காற்றோடு ஓடும் தீயை விடுவார்கள். ஓர் ஆண்டில் முழு நிலத்தையும் எரிக்கக் கூடாது. தண்டுக்குள்ளும் சருகுக்குள்ளும் குளிர்காலத்தைக் கழிக்கும் பூச்சிகளுக்கு ஒரு பகுதியாவது மிச்சம் வேண்டும். மிடேவினுக்கு 2015 அக்டோபரில் காட்டெருமைகள் வந்தன. அவை புல்லைத்தான் விரும்பி மேயும், பூச்செடிகளை அதிகம் தொடுவதில்லை. புரண்டு உண்டாக்கும் குழிகளில் மழைநீர் தேங்குகிறது.

இவ்வளவும் பலித்ததா என்று பார்க்க, சிகாகோ பகுதியில் பிளாயிட் ஸ்விங்க், ஜெரால்ட் வில்ஹெல்ம் என்ற தாவரவியலாளர்கள் 1970-களில் வகுத்த மதிப்பெண் முறை இருக்கிறது. ஒவ்வொரு நாட்டுச் செடிக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். குப்பைமேட்டிலும் வளர்வது 0, கெடாத நிலத்தில் மட்டும் வளர்வது 10. சராசரியை இனங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் நிலத்தின் தரம் ஓர் எண்ணாக வரும். இனங்கள் பெருகப் பெருக எண்ணும் ஏறும் என்பதால் சராசரியைத் தனியாகவும் பார்க்க வேண்டும். அது ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாமல் நின்றுவிட்ட நடவுகளே அதிகம்.

உலகின் மிகப் பழைய மீட்டெடுத்த பிரெய்ரி விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கர்டிஸ் பிரெய்ரி. சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்டு உள்ளிட்டோரின் முயற்சியில், மந்தநிலைக் கால வேலைத்திட்ட இளைஞர்களைக் கொண்டு 1935-ல் தொடங்கியது. தீ இல்லாமல் பிரெய்ரி நிற்காது என்பதை 1940-களில் சோதித்துக் காட்டிய இடமும் அதுதான். பக்கத்தில் மேடிசன் நகரமும் நெடுஞ்சாலையும் வளர்ந்தன. மழைநீர் வடிகால்கள் அதன் தாழ்ந்த மூலையில் திறந்தன. தண்ணீர் நுழையும் வாயிலிருந்து உள்ளே, விசிறி விரித்தாற்போல, இன்று நிற்பது ரீட் கேனரி புல்லும் சம்பும்.